திருச்சிக்கு க்ரூஸர், திருவான்மியூருக்கு டூரர்

மோட்டார் சைக்கிள் வாங்கப்போவதாக ஒருவர் டீக்கடையில் வாயைத் திறந்தால், டீ ஆறுவதற்குள் அங்கே இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். "லாங் போகணும்னா டூரர்தான், வேற பேச்சே கிடையாது" என்பது ஒரு கட்சி. "தினமும் ஆபீஸ், ஞாயித்துக்கிழமை மகாபலிபுரம், இதுக்கு எதுக்குடா மலை ஏறுற வண்டி? க்ரூஸர் எடு, காலை நீட்டிட்டுப் போ" என்பது இன்னொன்று. கட்சி இரண்டானாலும் கொள்கை ஒன்றுதான்: டூரர் தூரத்துக்கு, க்ரூஸர் உள்ளூருக்கு. அந்தக் கொள்கையோடுதான் எனக்குச் சண்டை. நம் சாலைகளை வைத்துப் பார்த்தால் விஷயம் தலைகீழ். திருச்சிக்குப் போக க்ரூஸர் தாராளமாகப் போதும். திருவான்மியூருக்குப் போகத்தான் டூரர் வேண்டியிருக்கிறது. விதண்டாவாதம் மாதிரித் தெரியும். ஆனால் கணக்கு என் பக்கம் இருக்கிறது.

வம்பு வளராமல் இருக்க இரண்டு வண்டிகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். 1955-இல் திருவொற்றியூரில் புல்லட் தயாரிக்கத் தொடங்கிய குடும்பம்தான் ராயல் என்ஃபீல்ட். ஒருவேளை தோற்றாலும் கோப்பை சென்னையை விட்டு வெளியே போகாது. க்ரூஸர் தரப்பில் 2020-இல் வந்த மீட்டியோர் 350. 349 சிசி, 20 குதிரைத்திறனுக்குக் கொஞ்சம் மேல், சீட் உயரம் 765 மில்லிமீட்டர், தரையிலிருந்து வயிற்றுக்கு 170 மில்லிமீட்டர். டூரர் தரப்பில் 2023 கடைசியில் வந்த ஹிமாலயன் 450. 452 சிசி, 40 குதிரைத்திறன், சீட் உயரம் 825, தரை இடைவெளி 230. மேல்நாட்டில் டூரர் என்றால் ஹோண்டா கோல்டு விங் மாதிரி ஒரு ஜமீன். 1,833 சிசி, ஆறு சிலிண்டர், பின்னால் நகர தனி ஏற்பாடு. நம் சந்துகளில் அதைத் திருப்புவதற்கு வார்டு கவுன்சிலரின் ஒத்துழைப்பு தேவைப்படும் என்பதால், இங்கே டூரர் என்று மக்கள் வாங்குவது பெரும்பாலும் ஹிமாலயன் ஜாதியைத்தான்.

இந்த இரண்டு இனங்களும் எங்கே பிறந்து வளர்ந்தன என்று பார்த்தாலே பாதி வழக்கு முடிந்துவிடும். க்ரூஸர் அமெரிக்காவின் பிள்ளை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நேராகக் கிடக்கும் ரோடு, குறுக்கே மாடு வராது, வந்தாலும் அரை மைல் முன்னாலேயே தெரியும். அப்படிப்பட்ட ரோட்டில் மனிதன் செய்ய வேண்டிய வேலை அதிகமில்லை. அதனால்தான் சாய்வு நாற்காலிக்குச் சக்கரம் மாட்டிய மாதிரி ஒரு வண்டியை அவர்கள் உண்டாக்கினார்கள். இன்னொரு பக்கத்தின் கதையைப் பாருங்கள். பி.எம்.டபிள்யூ 1980-இல் ஆர் 80 ஜி/எஸ் என்றொரு உயரமான வண்டியைக் கொண்டுவந்தது. மறு வருஷமே அந்த வண்டி பாரீஸ்–டக்கார் பந்தயத்தை ஜெயித்தது. ஹிமாலயனுக்குச் சித்தப்பா முறை ஆகவேண்டிய வண்டி அது. அந்தப் பந்தயத்தின் வழி சஹாரா: மணல், கல், திடீர்ப் பள்ளம், எங்கே பாதை முடிகிறது எங்கே பாலைவனம் தொடங்குகிறது என்று தெரியாத நிலை. இப்போது சொல்லுங்கள், ஆற்காடு சாலைக்கு எது நெருங்கிய சொந்தம்?

இரண்டாம் கட்ட மெட்ரோவுக்காகச் சென்னையில் கிட்டத்தட்ட 119 கிலோமீட்டருக்கு வேலை எடுத்திருக்கிறார்கள். முடிந்த பிறகு பிரமாதமாக இருக்கும், சந்தேகமில்லை. முடியும் வரைக்கும் தடுப்புத் தகரத்துக்கும் கடை வாசலுக்கும் நடுவில் மிச்சமிருப்பதுதான் ரோடு. இது போதாதென்று வேகத்தடைகள். இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பு வேகத்தடைக்கு ஒரு இலக்கணமே வகுத்திருக்கிறது. நீளம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர், வட்டமாக ஏறி வட்டமாக இறங்க வேண்டும், 25 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் சுகமாகக் கடக்க வேண்டும். அந்த இலக்கணத்துக்கும் நம் தெரு வேகத்தடைக்கும் உள்ள உறவு தூரத்து உறவுதான். வீடு கட்டி மிஞ்சிய ஜல்லி, அதன்மேல் அரை மூட்டை சிமென்ட், பக்கத்து வீட்டுப் பையன் பைக்கில் பறக்கிறான் என்ற கோபம், இந்த மூன்றும் ஓர் இரவில் கூடினால் காலையில் ரோட்டின் குறுக்கே முழங்கை அகலத்தில் ஒரு மேடு. வெள்ளைக்கோடு கிடையாது. முதல் வாரம் ஓரத்தில் ஒரு செங்கல் மட்டும் எச்சரிக்கையாக நிற்கும், பிறகு அதையும் யாராவது எடுத்துப்போய்விடுவார்கள்.

இந்த மேட்டில் க்ரூஸர்காரருக்கு நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அவருடைய பாதம் முன்னால் இருக்கிறது. ஆகவே உடம்பின் எடை முழுவதும் முதுகெலும்பின் கடைசிக் கணுவில் இறங்கியிருக்கிறது. முன்சக்கரம் ஏறும்போது ஒரு தட்டு, அது சகித்துக்கொள்ளக் கூடியது. பின்சக்கரம் ஏறும்போதுதான் செய்தி நேரடியாக இடுப்புக்கு வந்து சேரும். எழுந்து கொடுக்கலாம் என்றால் முடியாது. காலை நீட்டி உட்கார்ந்தவர் கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடியுமா, வீட்டில் முயன்று பாருங்கள். ஹிமாலயனில் ஃபுட்ரெஸ்ட் கிட்டத்தட்ட உடம்புக்கு நேர் கீழே. பள்ளம் வருகிறதென்றால் அரை அங்குலம் எழுந்தால் போதும், மீதியை முட்டியும் 200 மில்லிமீட்டர் பயணிக்கும் சஸ்பென்ஷனும் பார்த்துக்கொள்ளும். மீட்டியோரின் முன் ஃபோர்க் பயணிப்பது 130 தான். மிச்சமுள்ள 70 மில்லிமீட்டரை ஓட்டுகிறவர் தன் சொந்தக் கையிருப்பிலிருந்து கொடுக்க வேண்டியதுதான். ஹிமாலயனின் முன்சக்கரம் 21 அங்குலம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சின்னச் சக்கரம் விழுந்து எழும் குழியைப் பெரிய சக்கரம் தாண்டிக்கொண்டு போய்விடும்.

சரி, நகரத்தைத் தாண்டிச் செங்கல்பட்டுப் பக்கம் வந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு வழிச்சாலை, வழவழப்பான தார். இங்கே டூரரின் 40 குதிரைகளுக்கு என்ன வேலை? நான்கு வழிச்சாலையில் இருசக்கர வாகனம் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று 2018-இல் மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது. அந்த வேகத்துக்கு மீட்டியோரின் 20 குதிரைகளே அலட்டிக்கொள்ளாமல் ஓடும். மிச்சம் 20 குதிரைகளைச் சட்டத்தை மதிக்கிறவர் வெறுமனே தீனி போட்டுத்தான் வளர்க்க வேண்டும். மீட்டியோர் தன் முழு இழுவையை 4,000 சுற்றிலேயே கொடுத்துவிடுகிறது. ஹிமாலயனுக்கு 5,500 சுற்று வேண்டும், முழுத் திறனும் வெளிவர 8,000. விக்கிரவாண்டி டோல்கேட் வரைக்கும் சோம்பலாக, ஒரே தாளத்தில், காலை முன்னால் வைத்துப் போவதற்கு எந்த வண்டி லாயக்கு என்று இதற்குமேல் விளக்க வேண்டுமா? எண்பதில் எதிர்காற்று பெரிய எதிரியும் இல்லை, ஒரு சின்னக் கண்ணாடித் தடுப்பு சமாளித்துவிடும்.

"அப்போ மலை?" என்பார் முதல் கட்சிக்காரர். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 வளைவுகளையும் அரசுப் பேருந்து தினமும் ஏறி இறங்குகிறது. அதன் ஓட்டுநர் அலுமினியப் பெட்டியும் முழங்கால் கவசமும் மாட்டிக்கொண்டு வருவதில்லை. அடுத்த அஸ்திரம் லடாக். எல்லா டூரர் வாக்குவாதமும் கடைசியில் கர்துங் லாவில்தான் போய் நிற்கும். அங்கே 18,380 அடி என்று பல வருஷம் பலகை வைத்திருந்தார்கள். அளந்து பார்த்தவர்கள் 17,582 என்றார்கள். பைக் விளம்பரம் போலவே கணவாயும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருக்கிறது, அதற்காகக் கோபிக்க முடியாது. என் கேள்வி வேறு. சென்னையிலிருந்து லே 3,000 கிலோமீட்டருக்கும் மேல். லீவு கேட்கவே தைரியம் வராதவர், வாழ்நாளில் ஒரே ஒருமுறை போகக்கூடிய பயணத்துக்காக வருஷம் முழுவதும் ஒரு வண்டிக்கு மாதத் தவணை கட்டுவது எதற்கு? அங்கேயே வாடகைக்கு வண்டி கிடைக்கிறது. ஹிமாலயனை லடாக்குக்காக வாங்காதீர்கள், வேளச்சேரிக்காக வாங்குங்கள் என்பதுதான் என் கட்சி. டிசம்பர் மழையில் வேளச்சேரிக்குப் போய் வந்தவருக்கு 230 மில்லிமீட்டர் தரை இடைவெளியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சுமை ஏற்றுவதைப் பற்றியும் பேசுவார்கள். டூரருக்கு இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி மாட்டலாம் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஈ.சி.ஆரில் பொங்கல் வடைக்குப் போகும் வண்டிகளின் பெட்டிகளைச் சோதனை போட்டால், ஒரு ரெயின்கோட்டும் ஆர்.சி. புத்தகத்தின் ஜெராக்ஸும் கிடைக்கலாம். உண்மையான சுமை வண்டி வேண்டுமென்றால் ஓசூர்க்காரர்களின் டி.வி.எஸ். எக்ஸ்.எல். இருக்கிறது. 99.7 சிசி, நாலு குதிரைத்திறனுக்கு மேல் ஒரு துளி. அதில் தண்ணீர் கேன், கோழிக்கூண்டு, வாழைத்தார், இவற்றுக்கு நடுவில் மிஞ்சிய இடத்தில் ஒரு மனிதர். எந்த ஜெர்மன் கம்பெனியும் இந்தப் பேக்கிங்கை இன்னும் எட்டவில்லை.

என் கட்சிக்கு எதிரான வாதங்கள் சாதாரணமானவை அல்ல. முதலாவது, உயரம். 825 மில்லிமீட்டர் சீட்டில் நம் ஊர்ச் சராசரி ஆளுக்கு இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதியாது. சிக்னலில் ஒரு காலை ஊன்றி, மறுகாலைத் தொங்கவிட்டு, வண்டி 196 கிலோ என்பதை மறந்த மாதிரி நடிக்க வேண்டும். மீட்டியோரும் 191 கிலோதான், ஆனால் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு ராஜா மாதிரி நிற்கலாம். இதற்கு என் பதில்: சிக்னலில் நிற்பதற்கு ஒரு கால் போதும், மறுகால் பிரேக்கில்தான் இருக்க வேண்டும் என்று ஓட்டுநர் பள்ளியிலேயே சொல்கிறார்கள். அதுவும் ஒத்துவராதவருக்குக் கம்பெனியே உயரம் குறைந்த சீட்டைத் தனியாக விற்கிறது. இரண்டாவது, ஹிமாலயன் 3,000 சுற்றுக்குக் கீழே கொஞ்சம் இருமும், ஊர்ந்துபோகும் நெரிசலில் கிளட்சைப் பிடித்து விட்டு விரல் நோகும். இது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விரல் வலி ராத்திரி தூங்கினால் போய்விடும், இடுப்பு வலி அப்படிப்பட்ட ஆசாமி இல்லை.

மூன்றாவது வாதத்தை வைப்பவர் நிதியமைச்சர். 2025 செப்டம்பர் 22-லிருந்து 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது; அதற்கு மேற்பட்டவை 40 சதவீதத்துக்கு ஏறின. வரிக்கு முந்தைய விலை இரண்டு லட்சம் என்று வைத்துக்கொண்டால், ஒன்றுக்கு வரி 36,000, மற்றதற்கு 80,000. 349 சிசி என்று கோட்டுக்கு ஒரு சிசி உள்ளே நிறுத்திவைத்த என்ஜினியருக்குக் கோயில் கட்டலாம். அரசாங்கத்தின் பார்வையில் ஹிமாலயன் ஆடம்பரம். குழியை நிரப்புவது ஒரு துறை, குழியைத் தாண்டும் வண்டிக்கு ஆடம்பர வரி போடுவது இன்னொரு துறை. இரண்டும் உட்கார்ந்து பேசிக்கொள்ளாதவரை இந்தக் கணக்கில் என் கட்சி 44,000 ரூபாய் பின்தங்கித்தான் இருக்கும். பத்து வருஷம் ஓட்டினால் அது மாதத்துக்கு 370 ரூபாயைத் தொடாது என்று மட்டும் மெல்லிய குரலில் சொல்லிவைக்கிறேன்.

நான்காவது வாதத்துக்கு என்னிடம் பதில் கிடையாது. அது பின்சீட்டு. பின்னால் உட்காருபவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்க இடம், துணி சக்கரத்தில் சிக்காமல் பாதிச் சக்கரத்தையாவது மறைக்கும் தடுப்பு, மூன்றும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆம் விதி சொல்கிறது. சட்டப் புத்தகத்தில் புடவைக்கு இப்படி ஓர் இடம் கிடைத்திருப்பது நல்ல விஷயம். ஆனால் அந்த விதியை எழுதியவர்கள், புடவை கட்டியவர் அவ்வளவு உயரத்துக்கு எப்படி ஏறுவார் என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஹிமாலயனின் பின்சீட்டில் ஏறுவதென்றால் ஃபுட்ரெஸ்டில் காலை ஊன்றி, ஓட்டுபவரின் தோளைப் பிடித்து, மறுகாலைச் சுழற்றிப் போட வேண்டும். பெட்டியும் மாட்டியிருந்தால் சுழற்சி இன்னும் பெரிது. ஒருக்களித்து உட்காருகிறவருக்கு இந்த வித்தையில் பாதிகூட நடக்காது. அவர்தான் வாரத்தில் ஆறு நாள் உங்கள் பின்னால் வருகிறார் என்றால், நான் இதுவரை சொன்னதையெல்லாம் மடித்து வைத்துவிட்டு மீட்டியோரை எடுங்கள். சில மாடல்களில் முதுகு சாய ஒரு திண்டும் உண்டு. அதற்கு ஸ்கூட்டரே மேல் இல்லையா என்று கேட்பவர்களுக்கு: மேல்தான். காய்கறிப் பை மாட்டக் கொக்கி வைத்த ஒரே வண்டி அது. ஆனால் இந்தக் கேள்வியை ஷோரூம் படி ஏறுவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும். படி ஏறின ஆளிடம் கொக்கியைப் பற்றிப் பேசி இதுவரை யாரும் ஜெயித்ததில்லை.

ஷோரூமில் டெஸ்ட் ரைடுக்கு ஒரு வழி சொல்வார்கள். வெளியே இடதுபுறம், புதுத் தார் போட்ட சர்வீஸ் ரோடு, யு-டர்ன், திரும்பி வந்துவிடுங்கள் சார். அந்த வழியில் இரண்டு வண்டியும் ஒன்றுபோலத்தான் ஓடும். வலதுபுறம் திரும்பி, பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய தெரு ஒன்று பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று டீக்கடையில் விசாரித்து, அங்கே விடுங்கள். பின்னால் உட்காரப்போகிறவரை வீட்டிலிருந்து கையோடு கூட்டிக்கொண்டு போங்கள், அவர் வழக்கமாகக் கட்டும் உடையிலேயே. திரும்பி வந்து இறங்கியதும் விற்பனையாளர் உங்கள் முகத்தைப் பார்த்து "எப்படி சார் இருந்தது?" என்பார். நீங்கள் பதில் சொல்லாதீர்கள், பின்னால் இருந்தவரைச் சொல்ல விடுங்கள்.