ஏசி இல்லாத தீவிலிருந்து மாமாவுக்கு ஒரு விளக்கம்

கப்பா, கவாய் தீவு,
ஹவாய்.
ஆடி மாதம்

அன்புள்ள மாமாவுக்கு,

 

நான் ஏசி இல்லாத வீட்டை வாடகைக்கு எடுத்து விடுமுறையைக் கழிக்கும் செய்தி திண்டுக்கல் நாகல் நகர் முழுக்கப் பரவிவிட்டதாகக் கேள்வி. "அமெரிக்காவுக்குப் போயும் ஃபேன்லதான் படுத்துக் கிடக்கிறானா? வேலை கீலை போயிருச்சா? பணம் எதுவும் அனுப்பணுமா?" என்று நீங்கள் பேசி அனுப்பியதைக் குடும்பத்தோடு கேட்டோம். வேலை இருக்கிறது மாமா. பணம் அனுப்ப வேண்டாம். அனுப்பியே தீருவேன் என்று நீங்கள் பிடிவாதம் பிடித்தால் பெரியவர்கள் பேச்சைத் தட்ட மாட்டேன்.

இந்தத் தீவு இருக்கும் அட்சரேகை ஏறக்குறைய கல்கத்தாவுக்கு நேர். அப்படியானால் வெந்து சாக வேண்டும் அல்லவா? ஆனால் ஹவாய் மாநிலம் முழுமைக்கும் இதுவரை பதிவான உச்ச வெப்பம் 37.8 டிகிரி. அதுவும் 1931இல், வேறொரு தீவில் பாஹாலா என்ற ஊரில். அமெரிக்காவில் உச்சமே இவ்வளவுதான் என்று இருக்கும் இன்னொரு மாநிலம், பனிக்கரடி உலவும் அலாஸ்கா. சித்திரையில் நம் ஊரில் 37.8 அடித்தால், "இன்னிக்கு வெயில் தேவலையே" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பிரியாணிக்குக் கிளம்பிவிடுவோம்.

எல்லாம் காற்றின் புண்ணியம். பள்ளிக்கூடத்தில் வியாபாரக் காற்று என்று படித்தோமே, அது இங்கே வடகிழக்கிலிருந்து வருகிறது. கோடை மாதங்களில் பெரும்பாலான நாட்கள் விடாமல் வீசும். வழியில் மலை கிடையாது, தார்ச்சாலை கிடையாது, ஆயிரக்கணக்கான மைலுக்குக் கடல்தான். ஆகவே இங்கே வீடு தேடுகிறவன் முதலில் பார்க்க வேண்டியது வரைபடத்தை. வடக்கிலும் கிழக்கிலும் இருக்கும் ஹனலே, கப்பா போன்ற ஊர்களுக்குக் காற்று நேராக வருகிறது. கூடவே மழையும் வரும். நடுவிலுள்ள வாயலியாலே மலையில் ஆண்டுக்குச் சராசரியாக 9 மீட்டருக்கு மேல் மழை. நம் ஊரில் ஒரு மீட்டர் பெய்தாலே பத்து வருஷம் அதையே பேசுவோம். மலைக்கு அந்தப் பக்கம், மேற்கே வைமியா, கெகாஹா எல்லாம் மழை மறைவுப் பிரதேசம். வெயிலும் புழுதியுமாக, பார்த்ததும் ஒட்டன்சத்திரம் ரோடு ஞாபகம் வந்தது. அந்தப் பக்கம் ஏசி இல்லாமல் வீடு எடுப்பவனுக்கு நீங்கள் தாராளமாகப் பணம் அனுப்பலாம்.

திசைக்கு அடுத்தது சன்னல். வீட்டுக்காரர்கள் எல்லோருமே விளம்பரத்தில் "கடல் காற்று" என்று எழுதுகிறார்கள். கடல் பக்கத்தில்தான் இருக்கிறது, காற்றும் வெளியில் அடிக்கத்தான் செய்கிறது. அது படுக்கையறைக்குள் வருமா என்பதைச் சொல்வதில்லை. ஒரே சுவரில் மட்டும் சன்னல் இருந்தால் காற்று வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். எதிர்ச் சுவரிலும் திறப்பு வேண்டும். மாடி வீடு நல்லது. படுக்கையறை வீட்டின் மேற்குச் சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. அந்தச் சுவர் மதியத்துக்கு மேல் குடித்த வெயிலை ராத்திரி கக்கும். நம் ஊரில் குளியலறைக்கு வைக்கிறோமே கண்ணாடிப் பட்டை வென்டிலேட்டர், அதை இங்கே சுவர் முழுக்க வைத்திருக்கிறார்கள். நாங்கள் இருக்கும் வீட்டில் அப்படித்தான். ராத்திரி 23, 24 டிகிரி. விடியற்காலையில் நானும் என் மனைவியும் போர்வைக்குச் சண்டை போடுகிறோம்.

ஏசி வைத்தால் என்ன கேடு என்பீர்கள். இங்கே மின்சாரம் யூனிட் 40 சென்ட்டை ஒட்டி வருகிறது. அமெரிக்காவிலேயே விலை கூடிய மின்சாரம் ஹவாய் மின்சாரம்தான். நம் ரூபாயில் முப்பதைத் தாண்டும். இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசமாக வாங்கும் உங்களுக்கு இந்தக் கணக்கைப் படித்தால் நெஞ்சு அடைக்கும், அத்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கவும்.

கஷ்டமே இல்லையா என்றால், உண்டு. சன்னலைத் திறந்தால் காற்று மட்டுமா வரும்? சேவல் வருகிறது மாமா, குரலாக. இந்தத் தீவில் காட்டுக்கோழிகள் தெருவெல்லாம் திரிகின்றன. 1992இல் வந்த இனிக்கி புயலில் கூண்டுகள் உடைந்து வெளியேறிய கோழிகள் காட்டுக்கோழியோடு கலந்து பெருகின என்கிறார்கள். வேறு தீவுகளில் கரும்புத் தோட்டக்காரர்கள் எலி பிடிக்க 1883இல் கீரியைக் கொண்டுவந்து விட்டார்கள். கவாயில் கீரி குடியேறவில்லை. ஆகையால் கோழிக்குஞ்சுக்கும் முட்டைக்கும் எதிரி குறைவு. விடிந்தால் கூவுவது என்ற ஒழுங்கும் இவற்றிடம் இல்லை, நடுச்சாமம் கழிந்தாலே கச்சேரிதான். திண்டுக்கல்காரன் கண்முன்னே இத்தனை கோழி சும்மா நடந்துபோவது எவ்வளவு பெரிய சோதனை என்று உங்களுக்குத்தான் புரியும். கேட்டால் இந்த ஊர்க்காரர்கள் சிரிக்கிறார்கள்: கோழியோடு ஒரு எரிமலைக் கல்லையும் போட்டு வேகவிடு, கல் வெந்ததும் கோழியை எறிந்துவிட்டுக் கல்லைச் சாப்பிடு என்கிறார்கள். சீரகச் சம்பாவை அவமானப்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்து ஈரம். நீங்கள் கொடுத்துவிட்ட முறுக்கு இரண்டாம் நாளே நமத்துப்போய் வளைகிறது. கூரையில் பல்லிகள். ஒன்று இவள் தோளில் விழுந்தது. பலன் என்ன என்று அத்தையிடம் கேட்டு எழுதச் சொன்னாள். ஹவாய்ப் பல்லிக்கும் நம் பஞ்சாங்கம் செல்லுமா என்பதையும் சேர்த்துக் கேட்கவும். அப்புறம், இந்தக் காற்று எப்போதாவது நின்றுபோகும். தெற்கே எங்காவது புயல் கடந்தாலோ, செப்டம்பர் பிறந்தாலோ அது சோம்பிவிடும். அந்த நாட்களில் ஃபேன் புழுக்கத்தைக் கலக்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். அதனால்தான் நான் ஜூலையிலேயே வந்தேன்.

பக்கத்தில் வைலுவா ஆற்றங்கரையில் சிவன் கோயில் இருக்கிறது. இறைவன் கோயில் என்று பெயர். கணபதி ஸ்தபதி வரைந்து, பெங்களூர் பக்கம் கருங்கல்லில் செதுக்கி, கப்பலில் கொண்டுவந்து அடுக்கி, 2023இல் கும்பாபிஷேகம் செய்தார்கள். அங்கே நின்றபோது ஒன்று தோன்றியது. 1845இல் மதுரைப் பக்கத்து அமெரிக்கப் பாதிரிமார்கள் நம் வெயில் தாங்காமல் கொடைக்கானலில் ஏறிப் பங்களா கட்டிக்கொண்டார்கள். இப்போது நான் அவர்கள் நாட்டுத் தீவில் காற்று வாங்குகிறேன். கணக்கு நேராகிவிட்டது.

இதைப் படித்துவிட்டு, "அவனே ஏசி இல்லாமல் இருக்கிறான், நமக்கு எதற்கு?" என்று கத்திரி வெயிலில் அத்தையைப் புழுங்க விடாதீர்கள். இங்கே வருவது கடலில் குளித்துவிட்டு வரும் காற்று. சித்திரையில் நம் ஊருக்கு வருவது வெந்த மண்ணைத் தொட்டு வருகிறது. சன்னலைத் திறந்தால் அனல்தான் உள்ளே வரும். அதற்கு ஏசி நியாயமே. ஆனால் நீங்கள் ஆடித் தள்ளுபடியில் ஏசி வாங்கப் போவதாகத் தம்பி சொன்னான். ஆளைத் தூக்கும் ஆடிக் காற்று சும்மா வீசிக்கொண்டிருக்க, மாடி அறையில் அது வரும் சன்னலை பீரோ வைத்து அடைத்திருக்கிறீர்கள். பீரோவை நகர்த்துங்கள் மாமா. ஏசியைப் பங்குனியில் பார்த்துக்கொள்ளலாம். தள்ளுபடிக்குப் போயே ஆக வேண்டுமென்றால் அத்தைக்கு ஒரு சின்னாளப்பட்டிச் சேலை எடுத்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மருமகன்