மூன்று நாள் பாஸ் கேட்டு ஒரு மனு

அனுப்புநர்: அஸ்தம்பட்டி ரவுண்டானாவுக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருக்கும் ஒருவர், ஓய்வுபெற்ற ஜவ்வரிசி ஆலைக் கணக்குப்பிள்ளை, சேலம் – 636 007.

பெறுநர்: உயர்திரு செயலாளர் அவர்கள், சுற்றுலாத் துறை, தலைமைச் செயலகம், புனித ஜார்ஜ் கோட்டை, சென்னை – 600 009.

பொருள்: சென்னை அருங்காட்சியகங்களுக்கு மூன்று நாள் கூட்டுப் பாஸ் – வழங்கக் கோருதல் – வழங்க முடியாதெனில் அதற்கும் வாழ்த்துத் தெரிவித்தல் – தொடர்பாக.

ஐயா,

மனுதாரர் முப்பது வருடம் மூட்டைக் கணக்கு எழுதியவர். ஐந்தொகை நேராகாத ராத்திரியில் அவருக்குத் தூக்கம் பிடிக்காது. இப்போது பதினைந்து நாளாகப் பிடிக்கவில்லை. காரணம், பாரிஸில் வேலை பார்க்கும் மகள் வாட்ஸப்பில் அனுப்பிய ஒரு பாஸின் படம். இரண்டு, நான்கு, ஆறு நாள் என்று மூன்று வகையாம். ஒன்றை வாங்கினால் ஐம்பதுக்கு மேற்பட்ட அருங்காட்சியகங்களும் நினைவுச் சின்னங்களும் கதவைத் திறக்குமாம். அதிலும் ஓட்டை இல்லாமலில்லை. லூவ்ருக்குப் பாஸ் இருந்தாலும் நேரம் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். நாட்கள் தொடர்ச்சியாக ஓடுவதால், கட்டிய காசை எடுக்க வேண்டுமே என்று ஓவியத்துக்கு ஓவியம் ஓடிக் கால் வீங்கிப்போனதாக மகள் சொன்னாள். நெதர்லாந்துக்காரர்கள் கொஞ்சம் நிதானமானவர்கள். அங்கே ஒரே அட்டை, ஒரு வருடம், நானூறுக்கு மேற்பட்ட அருங்காட்சியகங்கள்.

அந்தப் பாரிஸ் பாஸில் சிற்பி ரோதனின் அருங்காட்சியகமும் சேர்த்தி. ரோதன் சென்னைக்கு வந்தவரல்ல. நம் எழும்பூர் அருங்காட்சியகத்து நடராசரைப் புகைப்படத்தில் பார்த்தே சொக்கிப்போய்க் கட்டுரை எழுதியவர். அந்தத் திருவாலங்காட்டு நடராசருக்கு இன்று திருவாசி கிடையாது. நெருப்பு வளையம் போய்விட்டது, ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. போட்டோவைப் பார்த்து மயங்கியவரின் வீட்டுக்குள் மகள் பாஸைக் காட்டி நுழைந்துவிட்டாள். அசலைப் பார்க்க மனுதாரரும் ரயிலேறலாம் என்று முடிவாயிற்று.

இங்கேதான் கணக்கு இடறுகிறது.

வியாழன் இரவு சேலத்தில் எழும்பூர் ரயிலைப் பிடித்தால் வெள்ளி விடியலில் இறங்கிவிடலாம். ஸ்டேஷனிலிருந்து பாந்தியன் சாலைக்குப் பொடிநடை. 1851இல் தொடங்கிய அருங்காட்சியகம். இந்தியாவில் அதனினும் மூத்தது கொல்கத்தாவில்தான் உண்டு. ஆனால் வெள்ளிக்கிழமை விடுமுறை. சரி, கோட்டை அருங்காட்சியகம் போகலாம் என்றால் அதற்கும் வெள்ளிதான் விடுமுறை. ஐ.சி.எஃப். ரயில் அருங்காட்சியகத்துக்குத் திங்கள். கடற்கரையில் ஐஸ் வியாபாரத்துக்காக 1842இல் எழும்பிய விவேகானந்தர் இல்லத்துக்கும் திங்கள். முட்டுக்காட்டுத் தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்.

பழைய பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் மனுதாரர் ஏழு கட்டம் போட்டார். ஐந்து இடமும் திறந்திருக்கும் நாளுக்கு டிக், ஒன்று மூடினாலும் பெருக்கல் குறி. புதன் டிக், வியாழன் டிக், வெள்ளி பெருக்கல். சனி டிக், ஞாயிறு டிக், திங்கள் பெருக்கல், செவ்வாய் பெருக்கல். ஆக, ஐந்தும் சேர்ந்து திறந்திருக்கும் மூன்று நாள் சென்னைப் பஞ்சாங்கத்தில் தொடர்ச்சியாக வரவே வராது. பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை, லூவ்ருக்குச் செவ்வாய். அதற்கப்புறம் அந்த இரண்டும் புதன் முதல் ஞாயிறு வரை விரியத் திறந்தே கிடக்கின்றன. பாஸ் போடாமலேயே பாஸ் செல்லாதபடி செய்த சாமர்த்தியத்துக்குத்தான் மேலே கண்ட வாழ்த்து.

வீட்டம்மாவிடம் கட்டத்தைக் காட்டினார். "ஏனுங்க, வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவாங்களா, மியூசியத்துக்குப் போவாங்களா?" என்றார் அவர். நியாயம்தான். ஞாயிற்றுக்கிழமை ஊரே உறங்கும்போது கதவைத் திறந்துவைக்கும் ஊழியருக்கும் வாரத்தில் ஒருநாள் வேண்டாமா? வேண்டும். மனு அதை எதிர்த்தல்ல.

சிக்கல் எஜமானர் கணக்கில் இருக்கிறது. எழும்பூர் மாநில அரசினுடையது. கோட்டை அருங்காட்சியகம் மத்தியத் தொல்லியல் துறையினுடையது. ரயில் ரயில்வேக்கு, விவேகானந்தர் ராமகிருஷ்ண மடத்துக்கு, தட்சிணசித்ரா ஓர் அறக்கட்டளைக்கு. ஐந்து பேரும் ஒரு மேசையில் உட்கார்ந்தால்தான் ஒரு சீட்டு அச்சாகும். தாங்கள் அமர்ந்திருக்கும் அதே கோட்டைக்குள்தான், 1947 ஆகஸ்ட் 15 காலையில் அங்கே பறந்த தேசியக்கொடியைக் கண்ணாடிக்குள் வைத்துக் காக்கும் அந்த அருங்காட்சியகமும் இருக்கிறது. பேச்சுவார்த்தைக்கு ஆட்டோ செலவுகூட வராது.

முன்னுதாரணம் இல்லை என்று கோப்பில் எழுதிவிட வேண்டாம். மாமல்லபுரத்தில் ஐந்து ரதத்தில் 40 ரூபாய்க்கு வாங்கிய சீட்டைக் கடற்கரைக் கோயில் வாசலில் காட்டினால் அன்றைக்கு உள்ளே விடுகிறார்கள். பல்லவர் கல்லுக்கு ஒரே சீட்டு போதும். சென்னை மாநகரப் பஸ்ஸில் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு விருப்பம்போல் சுற்றலாம். அருங்காட்சியக வாசல் வரை பாஸ் உண்டு, வாசலைத் தாண்டத்தான் இல்லை. இலங்கையும் ஒரு காலத்தில் சிகிரியா, அனுராதபுரம், பொலன்னறுவை எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டு விற்று, பின்னால் நிறுத்திவிட்டது. நிறுத்துவதற்காவது நாம் ஒன்றைத் தொடங்க வேண்டாமா?

இடைக்காலத்தில் மனுதாரர் சொந்தமாக ஒரு பாஸ் போட்டுக்கொண்டார். அஸ்தம்பட்டியில் ஏற்காடு பஸ் ஏறுவது. வழியில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு. டி.ஆர்.சுந்தரம் 1935இல் தொடங்கி நூற்றுக்கு மேல் படமெடுத்த இடம். 1956இல் தமிழின் முதல் முழுவண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' இங்கேதான் பிறந்தது. ஸ்டுடியோ போய்விட்டது, வளைவு மட்டும் நிற்கிறது. டிக்கெட்டும் இல்லை, வார விடுமுறையும் இல்லை.

மேலே போனால் ஏற்காட்டுத் திரித்துவ ஆலயத்தில் ராபர்ட் புரூஸ் ஃபுட்டின் நினைவுக் கல். 1863இல் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைப் பொறுக்கியெடுத்து, தென்னாட்டு மனிதனின் வயதை ஒரே குனிதலில் ஏற்றிவிட்டவர். அவர் சேர்த்த கற்களை 1904இல் எழும்பூர் அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. கற்கள் அங்கே, ஆள் இங்கே. இரண்டையும் ஒரே பாஸில் சேர்க்கத் தாங்கள் ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
மனுதாரர்.

இணைப்பு: ஏழு கட்டம் போட்ட பேரேட்டுத் தாள், ஒரு நாளில் காலாவதியான மாமல்லபுரச் சீட்டு.

பி.கு.: நேரில் விசாரிக்க ஆள் அனுப்புவதாயிருந்தால் வெள்ளிக்கிழமை வேண்டாம். மனுதாரர் அன்று ஏற்காட்டில் இருப்பார்.