கிளீன் பண்ணிட்டுப் போட்டியா?

பில்டு உடைகிறது என்று நீங்கள் வாயைத் திறப்பதற்குள் எங்கள் டீம் அண்ணன் கேட்டுவிடுவார்: “கிளீன் பண்ணிட்டுப் போட்டியா தம்பி?” எரர் என்ன என்று பார்க்க மாட்டார். ஸ்கிரீன் பக்கம் தலை திரும்பாது. லிங்க்கர் கத்தினாலும், புரோகிராம் நடுவில் படுத்தாலும், வைஃபையே வராவிட்டாலும் மருந்து ஒன்றுதான்.

கிளீன் பண்ணியும் போகவில்லை என்றால் நாற்காலியை உருட்டிக்கொண்டு வருவார். உங்கள் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, பில்டு ஃபோல்டரையே மொத்தமாக அழிப்பார். எண்டர் தட்டும்போது முகத்தில் ஒரு திருப்தி தெரியும். அடுத்து கம்பைலர் கேஷான சிகேஷ் காலி. அதற்கும் மசியவில்லை என்றால் புராஜெக்டையே புதிதாக குளோன் செய்வார். அவர் மெஷினில் ‘புராஜெக்ட்_புதுசு’, ‘புராஜெக்ட்_புதுசு2’, ‘இதான்_சரி’, ‘இதான்_சரி_தொடாதே’ என்று ஃபோல்டர்கள் வரிசையாக நிற்கும். ஹார்டு டிஸ்க் நிரம்பிவிட்டது என்று அடிக்கடி புலம்புவதும் அவர்தான்.

எரிச்சல் என்னவென்றால், பெரும்பாலும் அவர் சொன்னபடி கிளீன் செய்தால் சரியாகிவிடும். காரணம் பில்டு கருவியில் இருக்கிறது. ‘மேக்’ என்கிற கருவியை பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் எழுதியது 1976இல். பால் பாக்கெட்டில் தேதியை மட்டும் பார்த்து வாங்குகிறவர் மாதிரி, அது ஃபைலின் நேரத்தை மட்டும்தான் பார்க்கும். சோர்ஸ் ஃபைல் புதியதா? கம்பைல் செய். இல்லையா? விடு. நீங்கள் கம்பைலர் ஃபிளாக்கை மாற்றினால் எந்த சோர்ஸ் ஃபைலின் நேரமும் மாறாது. ‘எல்லாம் அப்-டு-டேட்’ என்று கையை விரித்துவிடும். பிறகு ஒரே ஒரு ஃபைலைத் திருத்துவீர்கள். அது மட்டும் புது ஃபிளாக்கில் கம்பைல் ஆகும், மிச்சமெல்லாம் பழசு. ஃபிளாக்கைப் பொறுத்து ஒரு ஸ்ட்ரக்டில் ஒரு மெம்பர் கூடுதலாக வருகிறது என்று வையுங்கள். ஒரு ஃபைலுக்கு அது ஒரு அளவு, பக்கத்து ஃபைலுக்கு வேறு அளவு. எரர் எதுவும் வராது, சம்பந்தமே இல்லாத இடத்தில் போய் கிராஷ் ஆகும். சிமேக் என்கிற இன்னொரு கருவியின் கதை வேறு மாதிரி: ஒரு ஆப்ஷனின் டிஃபால்ட்டை ‘ஆஃப்’பிலிருந்து ‘ஆன்’ ஆக்கினாலும், கேஷ் ஃபைலில் பழைய ‘ஆஃப்’ உட்கார்ந்திருக்கும். புதிதாகச் சேர்ந்த பையனுக்கு வேலை செய்யும், உங்களுக்குச் செய்யாது.

இதையெல்லாம் எனக்கு டீக்கடையில் சொல்லிக்கொடுத்ததே இந்த அண்ணன்தான். முழு பில்டு ஓடி முடியும்வரை வேறு என்ன வேலை? காசும் அவரே கொடுப்பார்.

அதனால்தான் கோபம் வருகிறது. தெரியாதவர் செய்தால் போகட்டும் என்று விடலாம். இவருக்கோ வழியும் தெரியும். நிஞ்சா என்கிற பில்டு கருவி, எந்தக் கட்டளையால் கம்பைல் செய்தது என்பதைப் பதிந்துவைத்து, கட்டளை மாறினாலே மறுபடி கம்பைல் செய்கிறது. லினக்ஸ் கர்னலின் பில்டு, ஒவ்வொரு ஆப்ஜெக்ட் ஃபைலுக்கும் பக்கத்தில் அதன் கட்டளையை எழுதிவைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறது. நம் மேக்ஃபைலில் ஃபிளாக்கை ஒரு ஃபைலில் எழுதி, அது மாறினால் எல்லாவற்றையும் கம்பைல் செய் என்று சொல்ல நான்கைந்து வரி போதும். அதை எழுத மாட்டார். “ஓடுறதை ஏன் தொடணும்?” என்பார். ஓடவில்லையே அண்ணா! ஃபோல்டரை அழிக்கும்போது தடயமும் சேர்ந்து அழிகிறது. எந்த டிபெண்டென்சி விட்டுப்போனது என்று கடைசிவரை தெரியாது. ‘கிளீன் செய்ததும் சரியாகிவிட்டது’ என்று டிக்கெட்டை மூடிவிடுவார்கள். அடுத்த வாரம் பக்கத்து சீட்டில் அதே கிராஷ். புதுசாக வருகிற பிள்ளைகளும் ஏன் என்று கேட்பதற்கு முன்னால் அழிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

அந்த நான்கைந்து வரியை நானே எழுதி அவருக்கு ரிவியூ அனுப்பினேன். முழுக்கப் படித்திருக்கிறார், ஒரு இடத்தில் ஸ்பேஸுக்குப் பதில் டேப் வேண்டும் என்றுகூடத் திருத்தியிருக்கிறார். கீழே, “நல்லா இருக்கு தம்பி, ரிலீஸ் முடியட்டும், போட்டுக்கலாம்.”

எந்த ரிலீஸ் என்று எழுதவில்லை.