ஊரான் மனையில மூணு மாடி

வாலே மருமவனே, உக்காரு. பைபாஸ் ரோட்டோரம் எட்டு சென்ட் குத்தகைக்குப் புடிச்சு, மூணு மாடியில கட்டில் பீரோ கடை கெட்டப் போறியாமே? கேட்டதும் நெஞ்சு நெறஞ்சு போச்சு. சொந்த வீட்டுக்கு வெள்ளையடிக்கக் காசில்லன்னு அஞ்சு பொங்கலாச் சொல்லுதவன், நெலத்துக்காரர் பேரனுக்கு மாடி கெட்டிக் குடுக்க நெனைச்ச பாத்தியா, அந்த மனசு யாருக்குலே வரும்?

பத்திரம் எத்தன வருசத்துக்கு? பதினோரு மாசமா? ஒரு வருசத்துக்கு மேல போனா பதிவு பண்ணணும், அந்தச் செலவ மிச்சம் புடிக்க பதினோரு மாசம்னு எழுதுதது வீட்டு வாடகைக்காரன் பழக்கம். நீ 30 லட்சத்த மண்ணுல பொதைக்கப் போற. "வருசா வருசம் புதுப்பிச்சுக்கிடலாம்னு நெலத்துக்கார அண்ணாச்சி வாயால சொல்லிட்டாரு"ங்க. அண்ணாச்சி நல்லவருதான். ஆனா அவருக்குச் சக்கரையும் இருக்கு, மூணு மருமகனும் இருக்கானுவ.

சரி, அஞ்சு வருசம்னே எழுதுனன்னு வையி. 30 லட்சத்த 60 மாசத்துக்குப் பங்கு வச்சா மாசம் 50,000. அடிமனை வாடகை வெறும் 15,000-ன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரியுத. நெசமா நீ குடுக்கது 65,000. அதுக்கு டவுன்ல கெட்டுன கடையே கெடைக்கும்னு ஒங்க அத்தை சொல்லுதா. அவ அஞ்சாப்புதான் படிச்சிருக்கா.

நானும் ஒரு காலத்துல குத்தகை மனையில மாவு மில்லு கெட்டுனவந்தான். கெடு முடிஞ்சதும் நெலத்துக்காரர் மகன் வந்தான். மரியாதையான பய. "மாமா, ஒங்க கட்டடம் ஒங்களுக்குத்தான், எடுத்துட்டுப் போங்க"ன்னான். 1882-ல வெள்ளைக்காரன் போட்ட சொத்து மாற்றுச் சட்டம், 108-ஆம் பிரிவு, அதத்தான் சொல்லுதுன்னு வக்கீலும் தலையாட்டுனாரு. பத்திரத்துல வேற மாதிரி எழுதலன்னா, எடத்த விட்டு எறங்குறதுக்குள்ள நீ வச்சத நீ கழட்டிக்கிடலாம். மனைய மட்டும் வாங்குன மாதிரியே திருப்பிக் குடுக்கணும். செவரக் கழட்டித் தோள்ல போட முடியுமாலே? மோட்டாரு வந்துச்சு, தகரம் வந்துச்சு, ரெண்டு சன்னல் வந்துச்சு. மிச்சத்த இடிச்சு அள்ளி, மனைய நெரவிக் குடுத்த கூலியும் என் மடியில இருந்துதான் போச்சு.

அதே பிரிவுல, சம்மதம் இல்லாம நெலையான கட்டடம் கெட்டப்படாதுன்னும் இருக்கு. அண்ணாச்சி தலையாட்டுனது சம்மதமா, தூக்கமான்னு கோர்ட்டுல கேப்பான்.

இவரு வேண்டாம், கோயில் மனை பாக்கேன்னு கெளம்பிறாத. அங்க அஞ்சு வருசத்துக்கு மேல குத்தகைன்னா அறநிலையத் துறை ஆணையர் அனுமதி வேணும். பழைய குத்தகையில மேல கட்டடம் போட்டவன் அடிமனையையும் வெலைக்குக் கேக்கலாம்னு 1921-ல ஒரு சட்டம் வந்துச்சு; அதுல இருந்தும் கோயில் மனைய 1996-ல எடுத்துட்டாங்க. சாமிகிட்ட ஒன் சாமர்த்தியம் செல்லாது.

கெட்டித்தான் ஆகணும்னா 20 வருசத்துக்குப் பதிஞ்ச பத்திரம் போடு. மூணு மருமகனும் வாயப் பொத்திக்கிட்டு அதுக்குக் கட்டுப்பட்டாகணும். நடுவுல எழுப்புனா கட்டடத்துக்கு என்ன தொகைன்னு அதுலயே எழுது. வில்லங்கம் போட்டுப் பாரு. மாடி ஆசைய விட்டுட்டு இரும்புத் தூண், தகரக் கூரை, நட்டு போல்ட்டுல முடிச்சுக்கோ. ஸ்பானர் எடுத்தா லாரியில ஏறிரணும்.

பத்திரத்தக் கொண்டா, கண்ணாடி போட்டு வாசிக்கேன். அதுவரைக்கும் குழி தோண்ட வாற ஜேசிபிக்காரன்ட்ட, மாமா மண்டையப் போட்டுட்டாருன்னு சொல்லி ஒரு வாரம் தள்ளி வையி. நான் ஒண்ணும் நெனைச்சுக்கிட மாட்டேன்.