ராசிங்காபுரத்தில் ஆள் பார்க்கும் முறை

போடியிலிருந்து தேவாரம் போகும் பஸ்ஸில் வந்து ராசிங்காபுரத்தில் இறங்குகிற புது ஆளை முறைப்படி பார்க்க வேண்டுமா? டீக்கடை பெஞ்சில் ரோட்டைப் பார்த்து இடம் பிடியுங்கள். பஸ் நின்றதும், வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுகிற விரல் அப்படியே நிற்க வேண்டும். முகத்துக்கு அவசரப்படாதீர்கள். செருப்பு, பை, வேட்டியா பேண்ட்டா என்று கீழிருந்து மேலே வாருங்கள். முகத்துக்கு வந்தபின் அங்கேயே தங்கிவிடலாம். யார் சாயல் என்று பிடிபடும்வரை கண்ணை எடுத்தால் மரியாதைக் குறைவு.

அமெரிக்கச் சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963-ல் வேறு மாதிரி எழுதினார்: தெரியாதவர் எதிரே வந்தால் ஒரு தரம் பார்த்துவிட்டுப் பார்வையை விலக்கிக்கொள்வதுதான் நாகரிகமாம். இங்கே விலக்கிப் பாருங்கள், "அவன்ட்ட கடன்கிடன் வாங்கியிருக்கியா?" என்பார்கள்.

பார்த்தால் போதாது, கேட்கவும் வேண்டும். கேள்வி வராத பார்வைக்குத்தான் மொறைப்பு என்று பேர். நான் புது ஆளாக வந்து இறங்கியபோது என்னைக் கேட்டது இது:

"யாருய்யா, எந்த ஊரு?"

"மதுரைங்க."

"மதுரை சரி. இங்க ஆரு வீட்டுக்கு?"

பாதி டீயில் நான் மாப்பிள்ளை ஆகிவிட்டேன். என் சித்தப்பாவின் சகலை சில்லமரத்துப்பட்டியில் பெண் எடுத்தது எனக்கே அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒன்று மட்டும்: "எந்தத் தெரு?" என்று நாக்கு நுனிக்கு வந்தால் வெற்றிலையோடு சேர்த்து விழுங்கிவிடுங்கள். அது உறவு தேடுகிற கேள்வி இல்லை.

பஸ்ஸுக்குள் சட்டம் வேறு. 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, ஆண் பயணி பெண்களை முறைத்துப் பார்ப்பது, கண்ணடிப்பது, விசிலடிப்பது எல்லாம் குற்றம் என்று சொல்லிவிட்டார்கள். கண்டக்டர் எச்சரிக்கலாம், இறக்கிவிடலாம், போலீசில் ஒப்படைக்கலாம். அப்பத்தாக்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. எதிர் சீட்டு அப்பத்தா தேவாரம்வரை உங்களைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு வந்தால், பேசாமல் உட்கார்ந்திருப்பதுதான் முறை.

விடிகாலை ஜீப்புக்கு மேலே சொன்ன எதுவும் செல்லாது. ஏலத்தோட்டத்துக்குக் காயெடுக்கப் பெண்கள் போகும் ஜீப் அது. சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, மடியில் தூக்குவாளி. ஒருத்தர் மடியில் இன்னொருத்தர் உட்காராத குறைதான். அப்படியே போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள் பதினேழையும் ஏற வேண்டும். நான் ஊர்ப் பழக்கத்தில் செருப்பிலிருந்து ஆரம்பித்துவிட்டேன். பின்சீட்டிலிருந்து ஒரு குரல்:

"என்னண்ணே, எண்ணி முடிச்சுட்டீகளா? நாளைக்கும் இதே ஆளுகதான்."

ஜீப்பே சிரித்தது. நான் சட்டென்று திரும்பிச் சுவரில் இருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் படிக்க ஆரம்பித்தேன். டிரைவருக்கு அன்றைக்கென்று வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. இறந்தவரின் பேரன் பேத்திகள் பதினொரு பேர். வரிசையாகச் சொல்லச் சொன்னால் இப்போதும் சொல்வேன்.