ஊசிக்குப் பதில் ஒரு பை?

டைப் 1 சர்க்கரை பற்றி டெல்டா வாசகர்கள் கேட்டவை

கே: மகளுக்கு ஒன்பது வயது. தினமும் நாலு ஊசி. தோலுக்கு அடியில் ஒரு பையை வைத்துவிட்டால் ஊசியே வேண்டாமாமே, நிஜமா? (ஒரு தாய், பாபநாசம்)

ப: ஆராய்ச்சி நிஜம், அம்மா. சிகிச்சையாக இன்னும் கைக்கு வரவில்லை. டைப் 1-ல் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. புதிய செல்களை நுண்துளைப் பைக்குள் வைத்தால் சர்க்கரையும் பிராணவாயுவும் உள்ளே போகும், இன்சுலின் வெளியே வரும், தாக்கும் அணுக்கள் நுழைய முடியாது. யோசனை இதுதான். அமெரிக்காவின் வயாசைட் நிறுவனம் 2014-ல் இதை மனிதர்களிடம் சோதிக்கத் தொடங்கியது. அந்த நிறுவனத்தை 2022-ல் வாங்கிய வெர்டெக்ஸ் என்ற மருந்து நிறுவனம், தான் தனியாக உருவாக்கிய பையின் சோதனையை 2025 மார்ச்சில் நிறுத்திவிட்டது. செல்கள் போதுமான இன்சுலின் சுரக்கவில்லை. இன்றைக்கு உங்கள் மகளுக்கு ஊசிதான் உயிர். ஒரு வேளைகூட விடாதீர்கள்.

கே: நல்ல யோசனைதானே, ஏன் பலிக்கவில்லை? (விவசாயி, ஒரத்தநாடு)

ப: உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஐயா. பறித்து நட்ட நாற்று புது வேர் விட்டுப் பச்சை பிடிக்கிற வரைக்கும் தவிக்கும். செல்லுக்கு வேர், ரத்தக்குழாய். கணையத்துக்குள் இந்தச் செல்கள் திட்டுத் திட்டாக இருக்கும்; ஒவ்வொரு திட்டையும் சுற்றி ரத்தக்குழாய்கள் பின்னிக் கிடக்கும். பைக்குள் அது இல்லை. அக்கம்பக்கத்து ரத்தத்திலிருந்து கசிந்து வரும் பிராணவாயுவை நம்பித்தான் செல்கள் பிழைக்க வேண்டும். போதாக்குறைக்கு, உடம்பு அந்தப் பையை அந்நியப் பொருளாக எண்ணிச் சுற்றிலும் தழும்புச் சதையை வளர்த்துவிடுகிறது. வரும் கொஞ்சமும் அடைபடுகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் உடம்பின் நீராவியைப் பிரித்துத் தானே பிராணவாயு தயாரிக்கும் கருவியை 2023-ல் எலிகளில் வைத்துக் காட்டினார்கள். சிக்கலின் முடிச்சு பிராணவாயுவில்தான் இருக்கிறது.

கே: பை இல்லாமல் செல்லை மட்டும் செலுத்தினால்? (ஆசிரியர், மன்னார்குடி)

ப: பலன் உண்டு, விலையும் உண்டு. கனடாவின் எட்மண்டனில் ஜேம்ஸ் ஷாபிரோ குழு, இறந்தவர்கள் தானம் தந்த கணையத்திலிருந்து திட்டுகளைப் பிரித்து, ஈரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் செலுத்தியது. 2000-ல் வெளியான முடிவில் ஏழு பேரும் ஊசியை விட்டிருந்தார்கள். ஆனால் அந்த முறையில் சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோர் ஐந்து ஆண்டுகளுக்குள் மீண்டும் இன்சுலினுக்குத் திரும்பினார்கள். ஒருவருக்கே பல சமயம் இரண்டு, மூன்று கணையம் தேவைப்பட்டது. அந்தப் பஞ்சத்தைத் தீர்க்க வந்தவை, பல வகைச் செல்லாக மாறக்கூடிய ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த செல்கள். வெர்டெக்ஸ் 2025 ஜூனில் வெளியிட்ட முடிவில், முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டு கழித்து இன்சுலின் இல்லாமல் இருந்தார்கள். பெரிய வெற்றி. ஆனால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும். அந்தச் சோதனையில் ஒருவர் மூளைக்காய்ச்சலில் இறந்தார். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இந்தப் பேரத்தைச் சொல்ல எந்த மருத்துவருக்கும் மனம் வராது. பைக்காக இத்தனை பேர் மல்லுக்கட்டுவது இதனால்தான்.

கே: மருந்தும் வேண்டாம், பையும் வேண்டாம் என்று ஒரு வழி இல்லையா? (கல்லூரி மாணவி, கும்பகோணம்)

ப: ஆரம்பித்திருக்கிறது, தங்கை. ஸ்வீடனின் உப்சாலாவில், எதிர்ப்புச் சக்தியின் கண்ணில் படாதபடி மரபணு திருத்திய செல்களை ஒருவரின் முன்கைத் தசைக்குள் வைத்தார்கள். அடக்கும் மருந்து இல்லாமலே அவை பிழைத்து இன்சுலின் சுரந்ததாக 2025-ல் அறிவித்தார்கள். வைத்தது சிறிய அளவு என்பதால் அவருக்கு ஊசி தொடர்கிறது. ஒரே ஒருவர்தான். ஆனாலும் கதவு திறந்துவிட்டது.

கே: கடற்பாசிக்கும் இந்தச் சிகிச்சைக்கும் சம்பந்தம் உண்டாமே? (மீனவர், மல்லிப்பட்டினம்)

ப: உண்டு. மன்னார் வளைகுடாவில் நம் பெண்கள் முங்கி எடுக்கும் கட்டக்கோரைப் பாசியிலிருந்து அல்ஜினேட் என்ற பசை எடுக்கிறார்கள். 1980-ல் லிம், சன் என்ற ஆய்வாளர்கள் அல்ஜினேட் உருண்டைக்குள் கணையத் திட்டுகளை வைத்து எலிகளுக்குச் செலுத்தினார்கள். சில வாரம் சர்க்கரை அடங்கியது. இன்றும் பல ஆய்வுக்கூடங்களில் அதே அல்ஜினேட்தான் செல்லுக்குக் கவசம்.

கே: மாப்பிள்ளைச் சம்பாக் கஞ்சி குடித்தால் டைப் 1 குணமாகுமா? (வாசகர், திருத்துறைப்பூண்டி)

ப: ஆகாது. நல்ல அரிசி, ஆனால் அழிந்த செல்லை அது முளைக்க வைக்காது. எந்த அரிசியானாலும் அளவைக் கணக்கிட்டு, அதற்கேற்ற இன்சுலின் போட்டுக்கொண்டு பிள்ளை சாப்பிடலாம். சோறு தின்றதால் வந்த நோயும் இல்லை இது. பெற்றவள் மேல் பழி போடுவதை உறவுக்காரர்கள் நிறுத்த வேண்டும்.

கே: 'ஸ்டெம் செல் ஊசி, சில லட்சம், நிரந்தர குணம்' என்று விளம்பரம் பார்த்தேன். நிலத்தை அடமானம் வைக்கலாமா? (ஒரு தந்தை, அம்மாப்பேட்டை)

ப: ஒரு குழிகூட வைக்காதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் பங்கேற்று வெளியிட்ட 2017 தேசிய வழிகாட்டுதலின்படி, சில ரத்த நோய்களுக்குச் செய்யும் மாற்று சிகிச்சை போன்றவை தவிர ஸ்டெம் செல்லை வழக்கமான சிகிச்சையாக விற்கக் கூடாது. அனுமதி பெற்ற சோதனை என்றால் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்து.

கே: கஜா புயலில் நாள்கணக்காகக் கரண்ட் இல்லை. இன்சுலினை எப்படிக் காப்பது? (குடும்பத் தலைவி, பட்டுக்கோட்டை)

ப: பெரிய மண்பானையில் ஈர மணல், நடுவில் ஒரு சின்னப் பானை. மருந்தை நனையாத உறையில் போட்டுச் சின்னப் பானைக்குள் வைத்து, ஈரத்துணியால் மூடி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். மணல் காயவிடாதீர்கள். ஐஸ் மேல் நேராக வைக்காதீர்கள், உறைந்த இன்சுலின் வீண்.

கே: இந்தப் பிள்ளைகளுக்கு ஊர் என்ன செய்யலாம்? (தலைமை ஆசிரியர், திருவையாறு)

ப: வகுப்பில் ஊசி போட இடம், சர்க்கரை இறங்கினால் மிட்டாய் தின்ன அனுமதி, கேலி செய்யாத நண்பர்கள். சி.பி.எஸ்.இ. 2017-லேயே தேர்வறைக்குள் தின்பண்டம் கொண்டுபோக அனுமதித்தது. உங்கள் பள்ளியும் செய்யலாம். அடிக்கடி தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழித்து, இளைத்துக்கொண்டே போகும் மாணவனைப் பார்த்தால் அன்றே சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். பையோ செல்லோ ஒருநாள் நம் ஆஸ்பத்திரிக்கும் வரும். அன்றைக்கு அந்தப் பிள்ளை கண்ணும் சிறுநீரகமும் பழுதில்லாமல் நின்று அதை வாங்கிக்கொள்ள வேண்டும். அதுவரைக்கும் காப்பது நம் எல்லோர் பொறுப்பு.