பேய்ப்படங்களின் உத்தரபாகம் குறித்துத் தணிக்கை வாரியத்துக்கு ஒரு விண்ணப்பம்

மத்தியத் திரைப்படச் சான்றிதழ் வாரியத்தார் அவர்களின் மேலான சமூகத்துக்கு,

பேய்ப்படம் எதுவாயினும் வெளியான வாரத்திலேயே பார்த்துவிடும் வழக்கமுடையவனும், அப்படங்கள் இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று வம்சவிருத்தி அடைந்த பின்னரும் டிக்கெட் எடுப்பதை நிறுத்தாதவனும் ஆகிய அடியேன், அனேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

1952ஆம் ஆண்டின் சினிமாட்டோகிராப் சட்டம் அளித்துள்ள அதிகாரத்தைக் கொண்டு, ஒரு பேய்ப்படத்தில் எவ்வளவு ரத்தம் சிந்தலாம், அறுபட்ட தலை எத்தனை விநாடி திரையில் நிற்கலாம், அதனைப் பார்க்கும் பாலகருக்கு ஏழு வயது போதுமா, பதின்மூன்று வேண்டுமா, பதினாறும் ஆகிவிட வேண்டுமா என்பவற்றையெல்லாம் தாங்கள் நுணுகி ஆராய்ந்து தீர்மானித்து வருகிறீர்கள். ரத்தத்துக்கு அளவுகோல் உண்டு. வசனத்துக்குக் கத்தரிக்கோல் உண்டு. முதற்பாகத்தின் முடிவில் முறைப்படி விடைபெற்றுப் போன பேய் எந்த நியாயத்தைக் கொண்டு மறுபடி வந்தது என்று கேட்கத்தான் இந்தத் தேசத்தில் நாதியில்லை. அந்தக் குறையைத் தங்கள் சந்நிதானத்தில் வைப்பதே இக்கடிதத்தின் நோக்கம்.

தமிழ்ப் படத்துப் பேய் வெறுமனே பயமுறுத்த வருவதில்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அது ஒரு மனுதாரர். உயிரோடிருந்தபோது போலீஸ் ஸ்டேஷனில் புகார் ஏற்கப்படாமலும், மாண்ட பிறகு சவம்கூடக் கணக்கில் வராமலும் புதைக்கப்பட்ட ஒரு ஜீவன், வேறு கதியின்றி, பக்கத்தில் அகப்பட்ட ஓர் அப்பாவியின் தேகத்தைச் சில நாட்களுக்கு இரவல் வாங்கிக்கொண்டு, தன் வழக்கைத் தானே வாதித்து, தானே தீர்ப்பெழுதி, தண்டனையையும் தானே நிறைவேற்றிவிட்டுப் போகிறது. இடைவேளை வரையில் உபத்திரவம், இடைவேளையில் வந்திருப்பது யார் என்ற அடையாளம், அதன் பின் பூர்வகதை, முடிவில் சம்ஹாரம் என்று அமைந்த இந்தக் கிரமத்தில் ஒரு தர்மநியாயம் இருக்கிறது. 2011இல் வெளிவந்த ‘காஞ்சனா’வில், தன் நிலத்தையும் உயிரையும் பறித்தவன் கோயிலுக்குள் ஓடி ஒளிந்துகொள்ள, வாசலில் நின்று தெய்வத்திடமே முறையிட்டு உள்ளே போக உத்தரவு பெறுகிற திருநங்கையின் ஆவியைக் கண்டு கொட்டகையில் எழுந்த கரகோஷம், கீழ்க்கோர்ட்டு முதல் மேல்கோர்ட்டு வரை ஏறி இறங்கிய சாமானிய ஜனங்களின் கரகோஷமேயாகும்.

சங்கடம் இதற்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது. நீதி கிடைத்த பேய்க்குப் பூலோகத்தில் வேலை இல்லை. கொன்றவனும் மாண்டான், கொல்லப்பட்டவரும் சாந்தியடைந்தார், பூசாரி தட்சிணை வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார். வசூல் கணக்கைப் பார்த்த தயாரிப்பாளரோ அடுத்த பாகம் வேண்டும் என்கிறார். முடிந்துபோன வழக்கை எப்படி மறுபடி நடத்துவது? உத்தரபாகத்தின் கதையமைப்பு என்று எதனைச் சொல்கிறோமோ அது முழுவதும் இந்த ஒரு கேள்விக்குச் சொல்லப்படும் சாக்குகளின் சரித்திரந்தான்.

அமெரிக்கர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் தங்கள் பிசாசைச் சாகவே விடுவதில்லை. 1931ஆம் ஆண்டின் ‘பிராங்கன்ஸ்டைன்’ படத்தில் காற்றாலையோடு எரிந்துபோன ராட்சசன், ஆலைக்கு அடியில் தண்ணீர் நிறைந்த பள்ளம் ஒன்று இருந்ததென்றும் அதில் விழுந்து தப்பித்தானென்றும் 1935இல் நமக்கு அறிவிக்கப்பட்டது. 1978இன் ‘ஹாலோவீன்’ முடிவில் ஆறு குண்டு பட்டு மாடியிலிருந்து விழுந்த மைக்கேல் மையர்ஸ் எழுந்து நடந்துவிட, 1981இல் வந்த இரண்டாம் பாகம் அதே இரவிலிருந்து தொடர்ந்து, அவன் துரத்திய பெண் அவனுடைய சொந்தச் சகோதரி என்று ஒரு புதிய பந்தத்தையும் சிருஷ்டித்தது. 2018இல் எடுத்தவர்கள் முதற்படத்தை மட்டும் ஒப்புக்கொண்டு மற்றவற்றை நிராகரித்தபோது அந்தச் சகோதர பாந்தவ்யமும் சத்தமில்லாமல் ரத்தாயிற்று. ‘பிரைடே தி தர்ட்டீன்த்’ ஆறாம் பாகத்தில், ஜேசனின் பிணத்தை எரித்துவிட எண்ணிச் சவக்குழியைத் தோண்டியவன் ஆத்திரத்தில் பிணத்தின்மேல் இரும்புக் கம்பியைச் செருக, அதன்மேல் மின்னல் இறங்கி, பிணம் எழுந்து உட்கார்ந்தது. அங்கே கொலைகாரன் சாசுவதம். கொலையுண்போர் மட்டும் பாகத்துக்குப் பாகம் மாறுவர். இங்கே பயப்படுகிற குடும்பம் சாசுவதம். பேய்கள்தாம் சர்க்கார் உத்தியோகஸ்தர்களைப் போலக் குறித்த காலத்தில் மாற்றலாகி வருகின்றன.

குறித்த காலம் என்று நான் சொல்வது அலங்காரத்துக்காக அன்று. திரு. ராகவா லாரன்ஸ் அவர்களின் ‘முனி’ 2007இலும், ‘காஞ்சனா’ 2011இலும், அதன் இரண்டாம் பாகம் 2015இலும், மூன்றாம் பாகம் 2019இலும் வெளிவந்தன. தேர்தல் கமிஷனும் இவ்வளவு ஒழுங்காகத் தேதி குறித்ததில்லை. இவற்றில் ‘காஞ்சனா’ என்பதே முனியின் இரண்டாம் பாகமாகையால், காஞ்சனாவின் இரண்டாவது முனியின் மூன்றாவதாகவும், காஞ்சனாவின் மூன்றாவது முனியின் நான்காவதாகவும் கொள்ளத் தக்கன. தங்கள் அலுவலகத்துக் குமாஸ்தா இதைப் பதிவேட்டில் எப்படி ஏற்றினாரோ, அவருக்கு என் அனுதாபம்.

இப்படங்களின் நாயகனைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டுகிறேன். பகலில் பத்துப் பேரைப் பந்தாடும் அந்த வாலிபன், அஸ்தமனமானதும் அம்மாவின் இடுப்பில் ஏறி உட்கார்ந்துகொள்கிறான். ஒதுங்குவதற்குக்கூட அம்மா துணைக்கு வந்து வெளியே காவல் நிற்க வேண்டும். ஒரு படத்தில் பேய்க்குத் தன் உடம்பையே இரவல் தந்து, அதன் துயரம் கேட்டுக் கண்ணீர் விட்டு, அதன் பகைவரைப் பந்தாடியவன், அடுத்த படத்தில் கதவு கிறீச்சிட்டால் போர்வைக்குள் நடுங்குகிறான். பேய்களோடு இத்தனை பரிச்சயம் வாய்த்த ஒருவனுக்கு அந்த அனுபவத்தில் துளியும் மிஞ்சாதது எப்படி என்று நான் வெகுநாள் குழம்பினேன். குழம்பத் தேவையில்லை. அவன் தைரியசாலியாகிவிட்டால் அம்மாவாக வரும் கோவை சரளா அவர்களுக்கு வேலையில்லை; வீட்டில் பேய் இருக்கிறதா என்று மாமியாரும் மருமகளும் நள்ளிரவில் நடத்தும் சோதனைகள் இல்லை; அவை இல்லையெனில் குடும்பத்தோடு வந்து சிரித்து அலறிப் போகும் கூட்டமும் இல்லை. ஜனங்கள் மறுபடி காண வருவது அந்தப் பயங்கொள்ளியைத்தான். பேய் எதுவாயிருந்தாலும் அவர்களுக்குச் சம்மதமே. ஆகையால் நாயகனின் ஞாபகசக்தியைப் பாகத்துக்கு ஒருமுறை துடைத்தெடுப்பது இந்தக் கதையமைப்பின் முதல் கிரியையாகிறது.

அடுத்த கிரியை, புதிய பேயை வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்ப்பது. மெய்யான உழைப்பு நடைபெறும் இடம் இதுதான் என்பதால், நான் இதனைப் பரிகாசம் செய்ய விரும்பவில்லை. முதல் ‘காஞ்சனா’வில், கிரிக்கெட் ஆடப் போன இடத்தில், பிணங்கள் புதைந்த மண்ணில் ஊன்றிய ஸ்டம்புகள் வீட்டுக்கு வருகின்றன. இரண்டாவதில், பார்வையாளர் எண்ணிக்கையைக் கூட்டுவதற்காகக் கடற்கரை வீடொன்றில் பொய்ப் பேய் நிகழ்ச்சி எடுக்கப் போன டெலிவிஷன் கூட்டத்தாருக்கு மணலிலிருந்து ஒரு தாலி அகப்படுகிறது. பொய்யாகத் தேடியவர்களுக்கு மெய்யாகவே கிடைத்தது என்னும் அந்த யுக்தியை நான் மனமாரப் பாராட்டுகிறேன். மூன்றாவதில், தாத்தா பாட்டியின் அறுபதாம் ஆண்டு மணவிழாவுக்குப் போகும் வழியில் மரத்தடியில் சாப்பிட உட்கார்ந்த குடும்பம், மரத்தில் அறைந்திருந்த ஆணிகளைப் பிடுங்கிவிடுகிறது. ஸ்டம்பு, தாலி, ஆணி என்று ஆவி ஏறிவரும் வஸ்து சிறுத்துக்கொண்டே போவதைக் கவனித்தால், அடுத்ததில் குண்டூசி வரும் என்று ஊகிப்பது மிகையாகாது.

இதுவரை சொன்னவை மன்னிக்கத் தக்க குற்றங்கள். தங்கள் விசாரணைக்கு உரியதென்று நான் கருதுவது ‘சந்திரமுகி’ விவகாரம். 1993இன் மலையாள ‘மணிச்சித்ரதாழ்’ படத்தை மூலமாகக் கொண்டு, 2005இல் திரு. பி. வாசு இயக்கி, சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாட்களுக்கு மேல் ஓடிய அந்தப் படத்தில், வேட்டையபுரம் அரண்மனையில் பேய் என்று ஒன்று கிடையாது என்பது சந்தேகத்துக்கு இடமின்றி ஸ்தாபிக்கப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த டாக்டர் சரவணன், கங்கா என்னும் பெண்ணுக்கு நேர்ந்திருப்பது மனோவியாதி என்று கண்டு, மனிதனிருந்த இடத்தில் பொம்மையை மாற்றி வைத்து, அவள் வஞ்சம் தீர்ந்ததாக நம்பச் செய்து குணப்படுத்தினார். மாந்திரீகரும் மருத்துவரும் ஒரே மேடையில் நின்று, மருத்துவர் ஜெயித்த அபூர்வமான தமிழ்ப் படம் அது. 2023இல் அதே டைரக்டர், அதே அரண்மனைக்கு, குலதெய்வத்தைக் கும்பிட வந்த வேறொரு குடும்பத்தைக் குடியேற்றி, சந்திரமுகி மெய்யாகவே பேய்தான் என்று நிரூபித்துவிட்டார். மன்னன் வேட்டையனுடைய ஆவியும் உபரியாக வந்து சேர்ந்தது. அப்படியானால் 2005இல் நடந்த வைத்தியம் என்னாயிற்று? டாக்டர் பட்டம் செல்லுமா, செல்லாதா? தீர்ந்த வழக்கைத் திறப்பது ஒரு காரியம். தீர்ப்பில் இருந்த ஒரே பகுத்தறிவு வாக்கியத்தை அடித்துவிடுவது வேறு காரியம். இரண்டு படங்களுக்கும் தங்கள் வாரியமே சான்றிதழ் வழங்கியிருக்கிறது என்பதைப் பணிவுடன் நினைவூட்டுகிறேன்.

‘அரண்மனை’ நான்கு பாகங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கட்டடமும் கதாநாயகியரும் மாறினும், டைரக்டர் சுந்தர் சி. அவர்களே அந்த வீட்டுக்கு ஏதோ ஒரு முறையில் உறவினராக வந்து மர்மத்தைத் துலக்கிவிட்டுப் போவதால், படத்தை எடுத்தவருக்கே கதை தெரிந்திருக்கிறது என்ற நிம்மதியாவது நமக்கு உண்டு. ‘பீட்சா’ 2012இல் வந்து அடுத்த ஆண்டே ‘வில்லா’ என்று இரண்டாம் பாகமானபோது, இரண்டுக்கும் பெயரைத் தவிர வேறு சம்பந்தமே இல்லை. அதில் ஒரு நேர்மை இருக்கிறது.

எல்லாரும் இப்படித்தான் என்று நான் சாதிக்கவில்லை. ஆழ்வார்பேட்டையில் மெய்யாகவே உள்ள ஒரு தெருவின் பெயரைத் தாங்கி 2015இல் வந்த ‘டிமான்ட்டி காலனி’, நண்பர்களை ஓர் அறைக்குள் அடைத்துக் கதையையும் அங்கேயே பூட்டிவிட்டுப் போயிற்று. 2024இல் திரு. அஜய் ஞானமுத்து அந்தப் பூட்டை உடைக்காமல், மாண்டவனாக நாம் எண்ணியிருந்தவனின் இரட்டைச் சகோதரனைக் கொண்டு வேறொரு பக்கத்திலிருந்து அதே கதைக்கு வழிகண்டார். இரட்டைப் பிறவி பழைய தந்திரந்தான். ஆயினும் முதற்பாகத்தில் நடந்தது நடந்ததாகவே இருக்கிறது; அதனைப் பொய்யாக்காமல் அதற்கு ஒரு பின்புறம் இருந்ததாகக் காட்டுவதற்கு, முந்தைய படத்தைத் திரும்ப உட்கார்ந்து படித்திருக்க வேண்டும். அந்தச் சிரத்தையைத்தான் மற்றவர்களிடத்திலும் யாசிக்கிறேன்.

ஆகவே தாங்கள் தயவு செய்ய வேண்டியது இது. உத்தரபாகத்துக்கு மனுச் செய்யும் தயாரிப்பாளர், முந்தைய பாகத்துப் பேய் சாந்தியடைந்ததா, இல்லையா, அடைந்திருந்தால் இப்போது வந்திருப்பது யார், நாயகனுக்குப் பழைய சம்பவம் நினைவிருக்கிறதா என்பவற்றைத் தெரிவித்து ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். மருத்துவர் போன்ற தனி வகுப்பாருக்கு மட்டும் என்று சட்டத்தில் உள்ள ‘எஸ்’ சான்றிதழை, முதற்பாகத்தைப் பார்த்திராத வகுப்பாருக்கு மட்டும் என்று விஸ்தரித்து இப்படங்களுக்கு வழங்கலாம், ஆச்சரியப்படக்கூடியவர்கள் அவர்களே. நாயகன் புகைக்கும்போது ஓரத்தில் எச்சரிக்கை தோன்றுவது போல, பூர்வகதை ஆரம்பமாகும்போது, ‘இதனை முந்தைய பாகத்தில் கண்டவர்கள் வெளியே சென்று தேநீர் அருந்தி வரலாம்’ என்று ஒரு வரி தோன்றச் செய்தால், கொட்டகை வாசலில் கடை வைத்திருப்பவர்களும் பிழைப்பார்கள்.

முன்னெல்லாம் தங்கள் சான்றிதழுக்குச் சட்டத்தில் பத்து ஆண்டுதான் ஆயுள். 2023ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வரம்பை நீக்கி, சான்றிதழ் என்றென்றைக்கும் செல்லும் என்று ஆக்கிவிட்டது. பேய்க்குத்தான் மரணமில்லை என்றிருந்தோம். இப்போது அதன் சான்றிதழுக்கும் இல்லை. ஒருமுறை கையெழுத்திட்டால் திரும்பப் பார்க்கும் சந்தர்ப்பம் தங்களுக்கு வாராது என்பதால், மற்ற கோரிக்கைகளைத் தள்ளுபடி செய்தாலும், அந்தப் பிரமாணப் பத்திரம் ஒன்றை மட்டுமாவது, ஏதேனும் ஓர் அரண்மனைக்கு அடுத்த பாகம் வந்து தங்கள் மேஜையை அடைவதற்கு முன்பாகக் கட்டாயமாக்கி உத்தரவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
எல்லாப் பாகங்களுக்கும் டிக்கெட் எடுத்த ஒரு பிரஜை